நாற்பத்தோராம் பக்கத்துக் கண்ணாடி

இதை நான் நேரில் பார்க்கவில்லை. காங்கேயத்திலிருந்து ஈரோடு போகும் பஸ்ஸில் பக்கத்தில் உட்கார்ந்திருந்தவர் சொன்னார். அவருக்கு அவருடைய மைத்துனர் சொன்னாராம். மைத்துனர் ஒரு ரைஸ் மில்லில் லாரிக்கு மூட்டை ஏற்றுகிறவர். மூன்று வாய் மாறி வந்த கதை என்பதால் நடுவில் ஏதாவது கூடியிருக்கலாம், குறைந்தும் இருக்கலாம். எனக்குக் கிடைத்தபடியே சொல்கிறேன்.

அந்த மில்லின் பாய்லர் அறையில் ஒரு குருவும் ஒரு சீடரும் இருந்தார்கள். குருவுக்கு வயது முப்பத்தொன்று. சீடருக்கு நாற்பத்தாறு.

குருவின் பெயர் கமர்தீன். நெல் அவிக்கும் பாய்லரை ஓட்டுகிறவர். அரசாங்கம் தேர்வு வைத்துக் கொடுக்கும் சான்றிதழ் அவரிடம் இருந்தது. அது இல்லாத ஆள் பாய்லரைத் தனியாக ஓட்டக் கூடாது.

சீடர் நாச்சிமுத்து. அவரிடம் அது இல்லை. பாய்லருக்கு உமி தள்ளுவது அவர் வேலை.

மில்லுக்கு வருமுன் பதினேழு வருஷம் நாச்சிமுத்து ஜெராக்ஸ் கடை வைத்திருந்தார். கடைக்கு எதிரே ஒரு தொழிற்பயிற்சி நிலையம். பாய்லர் தேர்வுக்கு ஒரு கைடு உண்டு, எண்பத்தெட்டுப் பக்கம். வருஷா வருஷம் பிள்ளைகள் அதை நகல் எடுக்க வருவார்கள். மெஷின் ஓடும்போது வெறுமனே நிற்க முடியாமல் படிக்க ஆரம்பித்தவர், சில வருஷத்தில் எந்தக் கேள்வி எந்தப் பக்கம் என்று கண்ணை மூடிக்கொண்டு சொல்லும் அளவுக்கு வந்துவிட்டார். கடை நொடித்தபோது கையில் மிஞ்சியது அந்த ஞானமும், நகலின் நகலாக ஒரு கைடும்தான்.

போன தடவை எழுத்துத் தேர்வில் தேறிவிட்டார். வாய்மொழித் தேர்வில் போய்விட்டது. மேஜை மேல் ஒரு கண்ணாடிக் குழாயும் மூன்று வால்வும் வைத்திருந்தார்கள். கேள்வி கேட்டார்கள். மூச்சு விடாமல் பதில் சொன்னார். அதிகாரி, "நல்லாச் சொல்றீங்க. செஞ்சு காட்டுங்க" என்றார். நாச்சிமுத்துவின் கை மேஜை வரை போய் அந்தரத்திலேயே நின்றது. மனசுக்குள் நாற்பத்தோராம் பக்கத்தைத் திறந்தார். பக்கம் வந்தது. கை எங்கே போக வேண்டும் என்று பக்கத்தில் இல்லை.

இப்போது இரண்டாம் தடவை. தேர்வுக்குப் பத்து நாள் இருந்தது.

மில் முதலாளி ராக்கியண்ணன் முகத்துக்கு நேரே சொல்லிவிட்டார். "மூணாவது ஷிப்டுக்கு சர்டிபிகேட் ஆளு வேணும், நாச்சிமுத்து. இந்தத் தடவையும் வரலைன்னா வெளிய ஒருத்தரப் பேசி வெச்சிருக்கேன். அவரு உமி தள்ற ஆளயும் கூடவே கூட்டிட்டுத்தான் வருவாராம்."

அதாவது, தேறினால் மூன்றாவது ஷிப்ட். தேறாவிட்டால் வீடு.

அன்று சாப்பாட்டு நேரத்தில் நாச்சிமுத்து கேட்டார்.

"ஆசானே, ஒரு சந்தேகம்."

கமர்தீன் சிரித்தார். வேலை ஆக வேண்டுமென்றால் 'ஆசான்'. கோபம் வந்தால் 'தம்பி'. இதுதான் நாச்சிமுத்துவின் வழக்கம்.

"கேளுங்ணா."

"இந்தப் பரீட்சைக்கு கைட படிக்கோணுமா, கைவேலை பழகோணுமா? பத்து நாள்தான் இருக்குது. ரெண்டுல ஒண்ணச் சொல்லு. அதையே புடிச்சுக்கறேன்."

கமர்தீன் டிபன் பாக்ஸை மூடினார். எழுந்து கைக்குத் துணி சுற்றிக்கொண்டார்.

"கைட எடுங்க. நாப்பத்தொண்ணாம் பக்கம். நீங்க படிங்க, நான் செய்யறேன்."

பாய்லரின் முகப்பில் ஒரு கண்ணாடிக் குழாய் நிற்கும். உள்ளே எவ்வளவு தண்ணீர் என்பது அதில் தெரியும். குழாய்க்கு மேலே நீராவி வால்வு, கீழே நீர் வால்வு, அடியில் வடித்துவிட டிரெயின் வால்வு. தண்ணீர் குறைந்து நெருப்பு எரிந்தால் இரும்பு தாங்காது. ஆகவே அந்தக் கண்ணாடி உண்மை பேசுகிறதா என்று ஷிப்டுக்கு ஒரு தடவையாவது சோதிக்க வேண்டும். நாற்பத்தோராம் பக்கம் அதைப் பற்றியது.

நாச்சிமுத்து கைடைப் பார்க்கவேயில்லை. "டிரெயின் வால்வைத் திறக்கவும், நீர் வால்வை மூடவும், நீராவி வெளியேறுவதை உறுதி செய்யவும், நீர் வால்வைத் திறந்து நீராவி வால்வை மூடவும், நீர் வெளியேறுவதை உறுதி செய்யவும், நீராவி வால்வைத் திறந்து டிரெயினை மூடவும், நீர் மீண்டும் மட்டத்துக்கு வரும். முடிஞ்சுது."

கமர்தீனின் கை முதல் வால்வில் இருந்தது. "நான் இன்னும் ஆரம்பிக்கவே இல்லீங்ணா."

வெளியே உமி மூட்டை மேல் உட்கார்ந்திருந்த இரண்டு பெண்கள் சிரித்தார்கள். "மெதுவாப் படிங்க வாத்தியாரே, ரயில் போயிருச்சு" என்றாள் ஒருத்தி.

இரண்டாம் தடவை ஒவ்வொரு வரியாகப் படித்தார். கமர்தீன் ஒவ்வொன்றாகச் செய்தார். நீராவி சீறியது. நாச்சிமுத்து ஓரடி பின்னால் போய் நின்று அடுத்த வரியைப் படித்தார். கடைசியில் டிரெயினை மூடியதும் கண்ணாடியில் தண்ணீர் மெல்ல மெல்ல ஏறி, பாதியில் வந்து நின்றது.

"வந்துருச்சு" என்றார் நாச்சிமுத்து.

"எப்படி வந்துச்சு?"

"எப்படின்னா? வந்துச்சு."

"நேத்து எப்படி வந்துச்சு?"

நாச்சிமுத்து மறுபடி கண்ணாடியைப் பார்த்தார். நேற்று அவர் அங்கேதான் இருந்தார். பார்க்கவில்லை.

கமர்தீன் மறுபடி வால்வுகளைத் திறந்து மூடினார். ஒரு தடவை, இரண்டு தடவை. மூன்றாம் தடவை டிரெயினிலிருந்து காவி நிறத்தில் சேறு வந்தது. அதன் பிறகு மூடியபோது தண்ணீர் துள்ளிக்கொண்டு மேலே வந்து நின்றது.

"வெசயா வந்தா வழி சுத்தம். சோம்பேறித்தனமா வந்தா வழியில மண்ணு."

"பாத்தியா, இது கைட்ல இல்ல!" நாச்சிமுத்துவுக்கு ஒரே சந்தோஷம். "அப்ப கைட வேண்டாங்கறே. அதானே?"

"கைட்ல இல்லைன்னு எப்படிச் சொல்றீங்க?"

"எனக்குத் தெரியாத வரி அதுல ஏது?"

"அடியில பாருங்க."

நாச்சிமுத்து பக்கத்தை முகத்தருகே கொண்டுபோனார். கீழ் விளிம்பில் எழுத்துகளின் மேல்பாதி மட்டும் தெரிந்தது. ஒரு வரி. நகல் எடுக்கும்போது பாதியில் வெட்டுப்பட்ட வரி. கண்ணை இடுக்கிக்கொண்டு கூட்டிக் கூட்டிப் படித்தார். 'நீர் மட்டத்துக்கு வரத் தாமதமானால் பாதையில் அடைப்பு உள்ளது.'

கைடை மடக்கி மடியில் வைத்துக்கொண்டார்.

"தாள் அரை விரக்கடை கீழ நழுவிருக்குது. நான்தான் வெச்சிருப்பேன்" என்றார் பிறகு. "இந்த அடிவரிய வெட்டிட்டு எத்தன புள்ளைகளுக்குக் குடுத்தேனோ."

கமர்தீன் தண்ணீர் பாட்டிலை நீட்டினார்.

அடுத்த ஞாயிறு பாய்லர் சுத்தம் செய்யும் நாள். சனிக்கிழமையே நெருப்பை அணைத்துவிட்டதால் இரும்பு குளிர்ந்து கிடந்தது. காலையில் நாச்சிமுத்து வருமுன்பே கமர்தீன் வந்திருந்தார்.

"அண்ணா, தண்ணி எவ்வளவு இருக்குது, பாருங்க."

நாச்சிமுத்து கண்ணாடியைப் பார்த்தார். கோடு எதுவும் இல்லை. குழாய் மேலிருந்து கீழ் வரை பளிச்சென்று வெள்ளையாக இருந்தது.

"நெறஞ்சிருக்குது."

"சரிங்ணா. நீங்க டீக்கடைக்குப் போங்க. பின்னாடியே வர்றேன்."

பின்னாடியே வரவில்லை. கால் மணி கழித்து வந்தார். வந்தவர் ஒரு டீ குடித்தார். போண்டா வாங்கினார். பேப்பரை எடுத்து விளையாட்டுப் பக்கத்திலிருந்து கல்யாண விளம்பரம் வரை படித்தார். இன்னொரு டீ சொன்னார். பரீட்சைக்கு மூன்றே நாள் இருக்கும்போது இந்த ஆள் இப்படி உட்கார்ந்திருக்கிறானே என்று நாச்சிமுத்துவுக்குக் காந்தியது.

"தம்பி, போலாமா?"

'தம்பி' வந்துவிட்டது என்று புரிந்து கமர்தீன் எழுந்தார்.

பாய்லர் அறைக்கு வந்ததும், "இப்பப் பாருங்க, எவ்வளவு?" என்றார்.

நாச்சிமுத்து பார்த்தார். அதே கண்ணாடி. அதே வெள்ளை.

"அதேதான். நெறஞ்சிருக்குது."

கமர்தீன் டிரெயின் வால்வைத் திறந்தார். இரண்டு சொட்டு விழுந்தது. அவ்வளவுதான்.

நாச்சிமுத்து குனிந்து விரலை வைத்துப் பார்த்தார். ஈரம்கூடச் சரியாக ஒட்டவில்லை. அவர்கள் டீ குடித்துக்கொண்டிருந்த ஒன்றே கால் மணி நேரத்தில் பாய்லர், கமர்தீன் திறந்துவிட்டு வந்த அடிவால்வு வழியாகத் தன் தண்ணீரை எல்லாம் சாக்கடைக்கு விட்டிருந்தது.

"ஏமாத்திட்டே தம்பி."

"காலையில நெசமாவே கண்ணாடிக்கு மேல தண்ணி இருந்துச்சுங்ணா. அப்ப நீங்க சொன்னது சரி."

"அப்ப பாதி மார்க்காவது போடு."

"ரெண்டு தடவையும் ஒரே பதிலச் சொன்னீங்க. ஒரு தடவ அதுவாச் சரியாப் போச்சு. அதுக்கு எப்படிங்ணா மார்க் போடறது?"

நாச்சிமுத்து கைடைத் திறந்தார். நாற்பத்தோராம் பக்கத்தில் ஒரு படம் உண்டு. கண்ணாடிக் குழாய், மூன்று வால்வு, கீழே 'சரியான நீர்மட்டம்' என்று ஒரு வரி. குழாய்க்குள் ஒன்றும் இல்லை. வெள்ளை.

"ஒரிஜினல்ல இங்க தண்ணிக்கு வெளிர்நீலம் அடிச்சிருப்பாங்க" என்றார். "வெளிர்நீலம் ஜெராக்ஸ்ல விழுகாது."

"ஒரிஜினலப் பாத்திருக்கீங்களா?"

"இல்ல. எங்கடைக்கு வந்ததே நகல்தான்."

கமர்தீனும் குனிந்து அந்தப் படத்தைப் பார்த்தார். பிறகு நாச்சிமுத்து கைடை மூடினார்.

"சரி, புரிஞ்சுது ஆசானே. கைடு படிச்சவன் காலி. கைவேலை தெரிஞ்சவன் நெறவு. இதத்தானே இந்த வெயில்ல நடத்திக் காட்டறே?"

கமர்தீன் டிரெயின் வால்வை மூடினார். சுவரில் தொங்கிய பையில் கைவிட்டு ஒரு பொருளை எடுத்து நாச்சிமுத்துவின் உள்ளங்கையில் வைத்தார். கட்டைவிரல் பருமனில் ஒரு பித்தளைத் துண்டு. வெளியே மரை. நடுவில் ஓட்டை.

நாச்சிமுத்து பார்த்தவுடனே சொன்னார். "ஈயப் பிளக்கு. அம்பத்தெட்டாம் பக்கம். நீர்மட்டம் அபாய அளவுக்குக் கீழே இறங்கினால் நடுவிலுள்ள ஈயம் உருகி, நீராவி நெருப்பின் மேல் பாய்ந்து அணைத்துவிடும்." பிறகு அந்த ஓட்டையைப் பார்த்தார். "இது உருகினதா?"

"உருகினது."

"எங்க?"

"பழைய மில்லுல. அங்க பாய்லர் ஓட்டினவனுக்கு சர்டிபிகேட் இருந்துச்சு. ஒம்போது வருஷம் கைப்பழக்கம். சத்தத்த வெச்சே பிரஷர் சொல்லுவான். ஒரு நாள் வந்தான், கண்ணாடியப் பாத்தான், நெறஞ்சிருக்குன்னான். தண்ணி ஏத்தற பம்பை நிறுத்திட்டான்."

"தெறந்து பாக்கல?"

"பாக்கல."

"யாரு அந்த மடையன்?"

"உங்க முன்னாடிதான் நின்னுட்டிருக்கான்."

நாச்சிமுத்துவின் கை மூடிக்கொண்டது. உள்ளே பித்தளை சில்லென்று இருந்தது.

"யாருக்கும் ஒண்ணும் ஆகலியே, கமரு?" ஆசானும் இல்லை, தம்பியும் இல்லை. பெயர் சொல்லி அவர் கூப்பிட்டது அன்றுதான்.

"இல்லீங்ணா. ஈயம் காப்பாத்திருச்சு. மில்லு மூணு நாள் நின்னுச்சு. நான் மறுபடி வால்வத் தொட மூணு மாசம் ஆச்சு."

"ஒம்போது வருஷம் வேலை தெரிஞ்ச நீ ஏன் தெறந்து பாக்காம விட்டே?"

"தெரிஞ்சிருந்துச்சே, அதனாலதான்."

வெளியே உமிக் குவியல் மேல் காக்கைகள் கத்தின. நாச்சிமுத்து பித்தளையைத் திருப்பிக் கொடுத்தார். வாளியை எடுத்துக்கொண்டு பாய்லரைத் தேய்க்கப் போனார்.

திங்களும் செவ்வாயும் பாய்லர் ஓடியது. ஷிப்டுக்கு ஒரு தடவைக்குப் பதில் மணிக்கு ஒரு தடவை கண்ணாடியைச் சோதித்தார்கள். இந்தத் தடவை கமர்தீன் படித்தார், நாச்சிமுத்து செய்தார். வரிக்கு வரி கமர்தீன் நிறுத்தி நிறுத்திப் படித்ததில், அவர் அடுத்த வரிக்கு வருமுன் நாச்சிமுத்துவின் கை அங்கே போய்க் காத்திருந்தது. ஒரு தடவை மணிக்கட்டில் நீராவி பட்டுக் கொப்புளம் வந்தது. "இது எந்தப் பக்கமுங்க வாத்தியாரே?" என்று உமி மூட்டைப் பெண் கேட்டாள். "முன்னட்டை" என்றார் நாச்சிமுத்து.

புதன்கிழமை காலை கோயம்புத்தூர் பஸ். கமர்தீன் வண்டியில் கொண்டுவந்து விட்டார். சட்டைப் பையில் ஹால் டிக்கெட் இருக்கிறதா என்று நாச்சிமுத்து தொட்டுப் பார்த்தார். நாலு தப்படி நடந்து மறுபடி தொட்டுப் பார்த்தார்.

பஸ் அருகே வந்ததும் கைடை எடுத்து நீட்டினார். "இது உங்கிட்டயே இருக்கட்டும்."

"எதுக்குங்ணா? எடுத்துட்டுப் போங்க. பல்லடம் தாண்டற வரைக்கும் படிச்சுட்டே போலாம்."

"படிக்கவா சொல்றே?"

"பின்ன, பஸ்ல வேற என்ன பண்ணுவீங்க?"

கமர்தீன் அந்தப் பித்தளைப் பிளக்கை எடுத்து அவர் சட்டைப் பையில் போட்டார். "பாஸானாலும் சரி, ஆகலைன்னாலும் சரி, இது எனக்குத் திரும்பி வந்தாகோணும்."

நாச்சிமுத்து படியில் ஒரு காலை வைத்தார். கண்டக்டர் விசில் ஊதினார். ஏறாமல் திரும்பினார்.

"ஆசானே, இந்த ஒரு தடவ நெசத்தச் சொல்லு. நான் நெறஞ்சிருக்கேனா, காலியா?"

கமர்தீன் அவரை மேலிருந்து கீழ் வரை பார்த்தார். தேய்த்த வெள்ளைச் சட்டை, திருநீறு, மணிக்கட்டில் கொப்புளம்.

"எனக்கெப்படிங்ணா தெரியும்? தெறந்து பாக்கத்தானே அனுப்பறேன்."

பஸ்ஸில் சொன்னவர் இந்த இடத்தில் இறங்கிவிட்டார். அவருடைய ஊர் வந்துவிட்டது. ஆள் தேறினாரா என்று ஜன்னல் வழியாகக் கேட்டேன். அது மைத்துனர் சொல்லவில்லை என்றார்.

எனக்கு அது தெரியாமல் இருக்க முடியவில்லை. இரண்டு மாதம் கழித்து அந்த மில்லைத் தேடிப் போனேன். பாய்லர் அறைச் சுவரில், ஓட்டுகிறவர்களின் சான்றிதழ்கள் கண்ணாடிச் சட்டத்துக்குள் மாட்டியிருந்தன. மூன்றாவது நாச்சிமுத்துவுடையது. அது மட்டும் ஜெராக்ஸ். அவர் அப்போது ஷிப்டில் இல்லை.

ஜன்னல் விளிம்பில் உமித்தூசி படிந்து ஒரு கைடு இருந்தது. நாற்பத்தோராம் பக்கத்தைப் பார்த்தேன். வெட்டுப்பட்ட அடிவரியைப் பேனாவால் முழுசாக எழுதியிருந்தார்கள். படத்தில் கண்ணாடிக் குழாய் வெள்ளையாகவே இருந்தது. அதில் யாரும் எதுவும் வரையவில்லை. பக்கத்தில் நீல மையில் சின்ன எழுத்தில் ஒரு குறிப்பு:

'நகலில் தண்ணீர் விழவில்லை. நேரில் பார்க்கவும்.'